குளத்துக்குள் ஒரு மனை

திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வளவில் ஏழு குடும்பங்களுக்கு ஒரே கிணறு. அது வீட்டுக்காரம்மாளின் அடுப்படிச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. குடும்பத்துக்குக் காலையில் நான்கு குடம், சாயந்திரம் இரண்டு. ஐந்தாவது குடத்துக்குக் கயிற்றை இறக்கினால் சன்னல் திறக்கும். வீட்டுக்காரம்மாள் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே என் மகள்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தலைக்கு ஊற்றினேன்.

அதனால் ரெட்டியார்சத்திரம் போகிற ரோட்டில் மனை போடுகிறார்கள், பதினைந்து அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று ஒரு தரகர் வந்து சொன்னபோது, நானும் என் கணவரும் வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தபால் ஆபீஸில் வேலை. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அறுபதுகளின் தொடக்கம் அது. மூன்று வருடமாக மழை சரியில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில், சொந்தக் கிணறு என்ற நினைப்பு எங்கள் இரண்டு பேரையும் தூங்கவிடவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புளிச்சோறு கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மனையைப் பார்க்கப் போனோம். மேடு பள்ளம் இல்லாத, பரந்து கிடந்த நிலம். கருவேலஞ்செடிகளை வெட்டி ஒதுக்கிக் கல் நட்டிருந்தார்கள். என் கணவர் சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி வரிசை வைத்தார். இது முன்னறை, இது படுக்கிற அறை, இது உன் அடுப்படி என்றார். பிள்ளைகள் இல்லாத சுவருக்குள் ஓடி ஓடி விளையாடினார்கள்.

கிழக்கே பனைமரங்கள் நின்ற மேட்டை ஏதோ பழைய ரோடு என்று நினைத்திருந்தேன். அந்த மேட்டைத் தாண்டி ஒரு பெண் எங்களை நோக்கி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். கையில் களைக்கொத்தி, காலெல்லாம் செம்மண்.

வீடு கட்டப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கற்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அடுப்படி எதும்மா?"

காட்டினேன்.

"இந்த எடத்துல நான் இடுப்பளவு தண்ணியில நின்னு கெண்டை புடிச்சிருக்கேன்."

மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல, கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு விவரமாகச் சொன்னார். அந்த மேடு குளத்தின் கரை. நாங்கள் நின்றது குளத்தின் உள்வாய். குளம் பெருகினால் தண்ணீர் வந்து நிற்கிற இடம். மூன்று வருடம் காய்ந்து கிடந்ததால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. பதினைந்து அடியில் இருப்பது அந்தக் குளத்துத் தண்ணீர்தான். கரைக்குக் கீழே இருந்த நான்கு ஊர்க் கிணறுகளும் அதை நம்பித்தான் இருந்தன.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் வந்த ஆத்திரமா, தரகர் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பட்டணத்து ஆட்கள் பக்கத்தில் வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் இப்படிப் பயமுறுத்துகிறார்கள் என்று கணவரிடம் சொன்னேன். 

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு எங்கள் வளவுக்கே வந்துவிட்டார். கூட மூன்று ஆண்கள். ஒருவர் குளத்தின் மடையைத் திறந்து அடைக்கிறவர், மற்ற இருவரும் வெங்காயம் போடுகிறவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் மடைக்குப் பக்கத்தில் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ரோட்டில் மேலும் இரண்டு குளங்களின் உள்வாயிலும் மனை போடுகிறவர்கள் கல் நடத் தொடங்கியிருந்தார்கள். அதனால் மனைக்கு முன்பணம் கொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பேசுவது என்று கூட்டத்தார் முடிவு செய்து கிளம்பியிருந்தார்கள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கிணற்றடிச் சன்னல் திறந்திருந்ததை அந்தப் பெண் கவனித்திருக்க வேண்டும். அரை டம்ளர் குடித்துவிட்டு மீதியைக் கூட வந்தவருக்குக் கொடுத்தார்.

நான் விடவில்லை. நாங்கள் விட்டுக்கொடுத்தால் இன்னொருவர் வாங்குவாரே, அதனால் என்ன லாபம் என்று கேட்டேன். வாங்கத்தான் செய்வார்கள், அவர்களிடமும் போய் இதையேதான் சொல்லுவோம் என்றார். இந்த வருடமாவது குளம் பெருகுமா என்று கேட்டேன். தெரியாது, பெருகாமலும் போகலாம் என்றார். அப்படியென்றால் நாங்கள் கட்டிக்கொண்டு போகிறோமே என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

"பெருகாட்டி உங்களுக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பெருகுச்சுன்னா, கரையை வெட்டி விடுங்கன்னு நீங்களே வந்து நிப்பீக. நிக்காம இருக்க முடியுமா? புள்ளைக உள்ள இருக்குமே. உங்களைக் குத்தம் சொல்லவும் எங்களால முடியாது. வீடு வந்துருச்சுன்னா அப்புறம் இந்தக் குளத்தை யாருமே நெறய விடமாட்டாக."

அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுத்து வைத்தேன். கரையை வெட்டச் சொல்லி நிற்கிறவளாக என்னை நினைத்துப் பார்த்தேன். நினைக்கச் சிரமமே இல்லை. கட்டாயம் நின்றிருப்பேன். மறுநாள் கணவர் தரகரிடம் போய் மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். முன்பணம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது என்று தரகர் சொல்லியனுப்பினார். அன்று நான் அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூட்டத்தார் ஏற்கெனவே மனுக் கொடுத்திருந்தார்கள். ஓர் அதிகாரி கரைக்கு வந்து பார்த்தார். பொறுமையாகக் கேட்டார். நிலம் பட்டா நிலம், விற்கிறவரைத் தடுக்கத் தன்னால் முடியாது என்றார். வாங்குகிறவர்கள் யோசித்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த வார்த்தையை அந்தப் பெண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அவரை நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். நீங்கள் கூட வந்தால் பட்டணத்து ஆட்கள் கேட்பார்கள் என்றார். மூன்று மாதம், ஞாயிறுதோறும், நானும் அக்காவும் வீடு வீடாகப் போனோம். புகையிலைக் கிடங்கில் கணக்கெழுதுகிறவர், தையற்காரர், தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர், என்னைப் போன்ற டீச்சர்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர், கிராமத்துக்காரர்களிடம் நான் கமிஷன் வாங்கியதாகச் சொன்னார். அக்காவுக்கு எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை. கதவு சாத்தினால் அடுத்த வீட்டுக்கு நடப்பார். எனக்குத்தான் அவமானமாக இருக்கும். வழியில் மல்லிகைப்பூ வாங்கி என் கையில் கொடுத்து, தலையில் வைங்க டீச்சர், மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு என்பார்.

ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் நிலத்துக்காரரே இறங்கி வந்தார். அதற்கும் வழி சொன்னது கூட்டத்தார்தான். ரோட்டுக்கு மேற்கே அவருக்கே சொந்தமான சரளை மேடு ஒன்று வெறுமனே கிடந்தது. வீடு கட்டக் கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை, குளத்துக்குள் கட்டக் கூடாதென்றுதான் சொல்கிறோம், அந்த மேட்டில் கல் நடுங்கள் என்று அவரிடம் போய்ப் பேசினார்கள். எங்கள் முன்பணத்தை அந்த மனைகளுக்கு வைத்துக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டார். மற்ற இரண்டு குளங்களில் ஒன்று தப்பியது. இன்னொன்றில் வீடுகள் வந்துவிட்டன.

மேட்டில் வீடு கட்டினோம். ஆனால் அங்கே தண்ணீர் இல்லை. ஐம்பது அடிக்குப் பாறை. உங்கள் கிணறு ஊறும்வரை எங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தார் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு சுலபமாக முடியவில்லை. மேட்டுக்கு வந்த ஒன்பது குடும்பங்களில் தோல் ஷாப்காரர் குடும்பமும் ஒன்று. அவர்கள் அந்தக் கிணற்றில் கயிறு போடக் கூடாது என்று ஊரில் சிலர் நின்றார்கள். எங்கள் ஒன்பது வீடுகளிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. மடைக்குப் பக்கத்தில் கூட்டம் கூடியது. நானும் போயிருந்தேன். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அக்கா எழுந்தார்.

"நானும் டீச்சரும் வீடு வீடாப் போனப்ப, மனை வேணாம்னு மொத மொதல்ல சொன்னது அவரு. அன்னைக்கு அவருகிட்ட நாம சாதி கேட்டமா?"

 முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் அக்கா தோல் ஷாப்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். தானே முதல் வாளியை இறைத்து அவர் குடத்தில் ஊற்றினார். அதற்குப் பிறகு கயிற்றை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

இரண்டு வருடம் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம். எத்தனை குடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் மாதம் பழக்கதோஷத்தில் நான்காவது குடத்தோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடுவேன். வெங்காயக் காட்டுக்குப் போகிற பெண்கள், என்ன டீச்சர், அம்புட்டுத்தானா, புள்ளைகளைக் குளிக்க வைக்கலையா என்பார்கள். என் மகள்கள் தினமும் குளித்தார்கள். இதை எழுதும்போது யாருக்காவது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படி இல்லை.

மூன்றாவது ஐப்பசியில் மழை பிடித்தது. குளம் பாதிக்கு மேல் நிறைந்தது. பழைய மனைக் கற்களில் கீழ்வரிசை முழுகியது. எங்கள் கற்கள் வெளியே நின்றன. அதற்கடுத்த வருடம்தான் அவையும் முழுகின. என் கணவர் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே, அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் நன்றி சொல்லவே இல்லையே என்றார். போய்ச் சொன்னோம். மடைக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. காப்பி போடச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

கூட்டம் அதோடு கலையவில்லை. எங்காவது குளத்தையோ தோப்பையோ மனையாக்குகிறார்கள் என்றால் கூப்பிட ஆள் வந்தது. ஒருமுறை நத்தம் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாந்தோப்பை வெட்டி மனை போடப் போகிறார்களாம். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு பஸ் ஏறினேன். பகல் முழுக்கப் பேசிப் பார்த்தோம். மனை வாங்கியவர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். நான் என் கதையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தோப்பின் மறுகோடியில் கோடரிச் சத்தம் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விடிவதற்கு முன் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருந்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழுப்பினேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த அஞ்சு பேருல பச்சைச் சட்டைக்காரரு செத்த யோசிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு டீச்சர். வார ஞாயித்துக்கெழம அவரை மட்டும் பாத்துட்டு வருவமா?"

வருகிறேன் என்றேன்.