சனியை நேராகப் பார்க்க வைத்தவள்

பிலோக்குட்டி… நீ இல்லை என்று உன் தங்கச்சி காலையில் போன் பண்ணிச் சொன்னாள். நான் அப்போது நம் குண்டு மாடியில் படி துடைத்துக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நெஞ்சு வலியாம். விழுப்புரம் கொண்டுபோகிற வழியிலேயே…

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிலோமினா, கெடார் பக்கத்துக்காரி. திண்டிவனம் வானோக்குக் கூடத்தில் பதினான்கு வருஷம் என்னோடு வேலை பார்த்தவள். நான் படித்தது மூன்றாவது வரை, அவள் எட்டாவது வரை. இரண்டு பேரும் ஒரே நாளில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தோம்.

போர்டில் 'பொது வானோக்குக் கூடம் மற்றும் கல்வி மையம்' என்று நீளமாக எழுதியிருக்கும். ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேலே உருண்டையாக இருப்பதால் குண்டு மாடி. அவ்வளவுதான்.

என் அப்பா பிறப்பதற்கு முன்பே கட்டியது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துப் பேருக்குக் கீழே 'குண்டு மாடி எதிரில்' என்று போட்டால் போதும். பஸ்ஸில் கண்டக்டர், "குண்டு மாடிலாம் முன்னாடி வா" என்பார். கேட்கும்போதெல்லாம் என் வீட்டுப் பேரைச் சொன்ன மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜனங்களுக்கு டெலஸ்கோப்பில் வானத்தைக் காட்டுவோம். மேலே நின்று பேசுவது பிலோதான். இன்றைக்கு எங்கள் ஆபீஸர் ஐயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "செல்வி, வர்ற சனிக்கிழமை நீ நின்னு பேசறியா? இல்லன்னா ரெக்கார்ட் பண்ண குரல ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்."

அவள் நின்ற இடத்தில் ஒரு பெட்டியா…

பெருக்க வந்தவள் பேசுகிறவள் ஆனது எப்படி என்று இந்த ஊருக்குத் தெரிய வேண்டும்.

அப்போதெல்லாம் ஐயாதான் பேசுவார். நிலா காட்டும் நாளில் வரிசை கேட் வரைக்கும் நிற்கும். "இன்று சனிக்கோள்" என்று ஐயா மைக்கில் சொன்னால் வரிசை கரைந்துவிடும். சனி பார்வை பட்டுவிடும் என்று பயம்.

ஒரு நாள் ஒரு பெரியவர் மட்டும் தைரியமாக ஏறினார். செருப்பைக் கழற்றினார். கோயிலில் சனிக்கு நேராக நிற்க மாட்டோமே, அதே மாதிரி டெலஸ்கோப்புக்கும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒண்ணியும் தெரியலியே" என்று இறங்கிவிட்டார்.

பின்னால் ஒரு அம்மா, மகளின் கண்ணை முந்தானையால் மூடி இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "ஏழர நடக்குது பொண்ணுக்கு. எதுக்கு இந்த பேஜாரு? வாடி."

படியில் துடைப்பத்தோடு நின்ற பிலோ சொன்னாள். "யக்கா, அவரு எங்க உங்கள பாக்கறாரு? நீங்கதான் அவர பாக்கப் போறீங்க. அவருக்குத் தெரியவே தெரியாது. ஜல்தியா பாத்துட்டு எறங்கிடுங்க."

"நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு ஏது ஏழர?"

"எனக்கு மாமியா இருக்கறாங்கக்கா. அது ஏழர வருசத்துல முடியாது."

வரிசை மொத்தமும் சிரித்தது. அந்த அம்மா திரும்பி வந்து, குனிந்து, நேராகப் பார்த்தாள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "இன்னாடி இது… வளையல் போட்டுக்கினு இருக்கறாரு" என்றாள். மகளை அவளே தூக்கிக் காட்டினாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஐயா பிலோவை மேலே நிறுத்தினார். உருண்டைக் கூரையைத் திருப்புகிற இரும்புச் சக்கரம் என் கைக்கு வந்தது.

ஒன்றைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். அவள் ஊருக்கே சனியைக் காட்டினாள், நான் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது ஏழரை. வீட்டுக்காரருக்கு வேறு கால் உடைந்து கிடந்தது.

"டெலஸ்கோப்பு மூடிய தொடைக்கறே, சக்கரத்த சுத்தறே, கண்ண மட்டும் மூடிக்கினு இருக்கறியேடி" என்று ஒரு நாள் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தாள்.

பார்த்தேன். உரித்த மல்லாட்டைக் கடலையைவிடச் சின்னதாக, வளையத்தோடு, அமைதியாக இருந்தார்.

"இத்தினூண்டு இருக்கறாரு. இவருக்கா பயந்தே?"

அன்றைக்கு நான் அழுதேன். அவள் சிரிக்கவில்லை. படியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு மாதிரியாகத்தான் கேட்டார்.

"எட்டாவது சார். அந்தக் கண்ணாடிய கழட்டிட்டு குனிங்க, நல்லா தெரியும்."

கழற்றினார், குனிந்தார். போகும்போது அவளுக்குக் கை கூப்பிவிட்டுப் போனார். நான் கீழேயிருந்து பார்த்தேன். என்னைக் கும்பிட்ட மாதிரி இருந்தது.

நாளைக்குச் சாயங்காலம் அவள் ஊர்க் கல்லறையில் அடக்கம். அவள் பேச்சைக் கேட்டவர்கள் வாருங்கள்.

ஐயாவிடம் சொல்லிவிட்டேன் பிலோ. ஸ்பீக்கர் வேண்டாம், நான் நிற்கிறேன் என்று.

நீ நல்லபடியாகப் போ.

ஒன்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். கூட்டம் வந்து நின்றதும் நீ முதலில் ஏதோ ஒரு வார்த்தை சொல்வாய், எல்லாரும் லேசாகி நெருங்கி நிற்பார்கள். சக்கரம் கிறீச்சிடுகிற சத்தத்தில் அது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை.

என்னடி சொல்வாய்?