மங்கி கேப் போட்ட டெலஸ்கோப்

நேற்று கைபேசியில் பழைய சாமான் விற்கிற பக்கத்தைச் சும்மா தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மேசைமேல் வைத்துப் பார்க்கிற சின்ன டெலஸ்கோப், கரியாஹாட்டில் யாரோ விற்கிறார்கள். விற்கும் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: ‘எங்கள் வீட்டுக்கு இப்போது வானம் இல்லை.’ வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோவுக்கு மேலே கிடந்த என்னுடையதை இறக்கினேன். குப்பென்று அந்துருண்டை வாசனை.

அந்த வாசனை டெலஸ்கோப்புடையது இல்லை, அதன் மங்கி கேப்புடையது. கல்கத்தாவில் கொஞ்சம் காற்று மாறினால் போதும், ஆண்பிள்ளைகள் முகம் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். எனக்கு இதை விற்ற ஜாதவ்பூர்க்காரர், தூசி படியக்கூடாதென்று குழாயின் வாயில் அப்படி ஒரு மெரூன் குல்லாவை மாட்டி வைத்திருந்தார். குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது மாதிரிதான் கொடுத்தார். பெங்களூருக்கு வேலை மாறிப் போகிறாராம், லாரியில் ஏற்ற மனசு வரவில்லையாம்.

நான் போனது பட்டப்பகலில். அவர் அதை ஜன்னல் திண்டில் வைத்து, தூரத்தில் நின்ற தென்னை மரத்துக்குத் திருப்பிக் காட்டினார். பார்த்தால் மரம் தலைகீழாகத் தொங்குகிறது. ஆகா, ரிப்பேர் சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று உஷாராகி, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் “இது உல்டாவா இருக்கே” என்றேன். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. அவர் மட்டும் சிரிக்காமல், “ஆகாஷே ஆபார் உல்ட்டோ ஷோஜா கீ?” என்றார். வானத்தில் ஏது தலைகீழ், ஏது நேர் என்கிறார். பதில் தெரியாத இடத்தில் எல்லாம் நான் எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், அது ஒரு வியாதி.

ஐ.டி. வேலைக்காரி, அறையில் உட்காரச் சரியான நாற்காலிகூட இல்லாதவள், இவளுக்கு எதற்கு டெலஸ்கோப் என்று கேட்பீர்கள். என் நட்சத்திரம் மூலம். இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்றாலும் சொல்லிவிடுகிறேன். மூல நட்சத்திரத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. சின்ன வயதில் திருநெல்வேலியில் கோயிலுக்குப் போனால், அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்லும்போது அம்மா என் பெயரைச் சத்தமாகச் சொல்லுவாள். மூலம் என்பதை மட்டும் அர்ச்சகரின் காதோரம் குனிந்து சொல்லுவாள். அவர் அதை வாங்கிக் கோயிலே அதிரும்படி ஓதுவார். அம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே.

நான் கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் வாடகைக்கு வந்து இரண்டு வருஷம் ஆனபோது ஒரு வரன் வந்தது. பையனுக்குப் புனேயில் வேலை. ஃபோனில் நன்றாகவே பேசினான். ஒரு மாதம் பேசியிருப்போம். ஆபீஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது அவன் கூப்பிடுவானா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே வருவேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்மா கூப்பிட்டாள்.

“ஏட்டி, சோசியரு ஒரு வழி சொல்லுதாரு. நீ பெறந்தது மூலத்துக் கடைசிலதான். ரெண்டு மணி நேரம் பிந்திப் பெறந்தேன்னு எழுதிட்டா பூராடம் ஆயிருமாம். அவிய கேட்டா நீயும் பூராடம்னே சொல்லிரு.”

“எப்படிம்மா? அப்பாதான் ஆஸ்பத்திரியில நின்னு நேரத்த எழுதி வச்சிருக்காங்களே.”

“ஆஸ்பத்திரிக் கடியாரம் மெதுவா ஓடிச்சின்னு வச்சிக்கயேன். யாரு போய்ப் பாக்கப் போறா?”

யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. கோபமெல்லாம் இல்லை, ஒரு குறுகுறுப்பு. இருபத்தேழு வருஷமாக என்கூடவே வருகிற ஒன்றை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. சோசியர் பார்த்திருப்பாரா என்பதும் சந்தேகம். மாற்றிக்கொள்வதென்றால்கூட, எதை மாற்றுகிறோம் என்று பார்த்துவிட்டல்லவா மாற்ற வேண்டும்? தேடிப் படித்தேன். விருச்சிகம் என்று தேள் வடிவத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, ஜாதகத்தில் மூலம் தனுசு ராசி என்றாலும், வானத்தில் அந்தத் தேளின் வால் நுனியில், சரியாகக் கொடுக்கில் இருக்கிறதாம். நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே ஜாதவ்பூர் போனேன்.

மேசைமேல் வைக்கிற டெலஸ்கோப்புக்கு மேசை வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்தால், நான் மூச்சு விட்டால் அது ஆடுகிறது. கீழ் வீட்டு பௌதி, அதாவது அண்ணி, வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி, காய்ந்த துணியை எடுக்க வந்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு “கார் பாடி தேக்ச்சோ?” என்றாள். யார் வீட்டை எட்டிப் பார்க்கிறாய் என்று. என் ஜாதகத்தைப் பார்க்கிறேன் என்றேன். அவள் கீழே போய், லட்சுமி பூஜைக்கு விக்கிரகம் வைக்கிற மரச் சௌக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர்த் தொட்டியின் திண்டில் அதைப் போட்டு, அதன்மேல் டெலஸ்கோப். அசையவில்லை.

அசைந்ததெல்லாம் மேகம்தான். மழைக்காலத்தின் வால் இன்னும் போகவில்லை. தினமும் ஆபீஸிலிருந்து ஓடிவருவேன், தென்மேற்கு மூடிக் கிடக்கும். அம்மா தினமும் கேட்பாள், “என்னட்டி, எழுதிரவா?” இன்னும் ரெண்டு நாள் பொறும்மா என்பேன். மகாளய அமாவாசை கழிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. இந்த ஊரில் அந்த மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஆறரைக்கு ஏறிப் பார்த்தால், எதிர்த்தாற்போலிருந்த பழைய இரண்டு மாடி வீட்டுக் கூரைக்கு மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அங்கே தேளின் கொடுக்காக இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டி ஒட்டி நின்றன, இருட்டில் பூனை பார்ப்பது மாதிரி.

குழாயைத் திருப்பிக் கண்ணை வைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், முதலில் ஏமாற்றம்தான். டெலஸ்கோப்பில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளிதான், பெரிதாகிவிடாது. ஆனால் அந்தப் புள்ளி நீலமும் வெள்ளையுமாக, இப்போதுதான் கழுவியது போலச் சுத்தமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரமாக நழுவியது. பூமி சுற்றுவதால் நழுவுகிறது, அதாவது ஓடுவது அது இல்லை, நான். விரலால் குழாயை லேசாகத் தள்ளினேன், கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, வட்டம் முழுக்க நட்சத்திரமாகிவிட்டது. கைநிறைய அள்ளி எறிந்த மாதிரி. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பௌதியும் பார்த்தாள். “ஏ மா!” என்று வாயில் கைவைத்துக்கொண்டாள்.

யாருடைய மாமனாரைப் பற்றியும் அதற்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. இதையா இத்தனை வருஷம் காதோரம் சொன்னோம்?

மாடியில் நின்றபடியே அவனைக் கூப்பிட்டேன். எங்கம்மா உங்க வீட்ல பூராடம்னு சொல்லுவாங்க, ஆனா நான் மூலம் என்றேன்.

“இத ஏன் இப்ப சொல்ற? நீ சொல்லாம இருந்திருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன்ல” என்றான்.

நல்லவன்தான், நல்ல குரலில்தான் சொன்னான். அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அவ்வளவுதான், பிறகு கூப்பிடவில்லை. துர்கா பூஜை முழுக்க ஊரே விளக்குப் போட்டுக் கொண்டாட, நான் அறைக்குள் கிடந்தேன். வலித்தது. அம்மா பத்து நாள் என்னுடன் பேசவில்லை. அப்புறம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காதீர்கள், ஆகவில்லை. அதற்கு மூலம் மட்டும் காரணமில்லை, என் வாய்க்கும் பங்கு உண்டு.

அடுத்த பூஜைக்கு அம்மா வந்தாள். வந்த அன்றைக்கே சாயந்திரம், “அந்தக் குழாய எடுட்டி, காட்டு” என்றாள். நான்தான் அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். எதிர் வீட்டை இடித்துவிட்டார்கள். ஏழு மாடிக் கட்டடம் மூங்கில் சாரத்தோடு தென்மேற்கை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா சௌக்கிக்கு முன்னால் குந்தி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“மங்கலா செவருல்லா தெரியுது.”

“அதுக்குப் பின்னாலதாம்மா இருக்கு.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. “நல்லா இருந்துச்சாட்டி?”

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

“ஒரு தடவ பாத்துட்டாவது மறைக்கச் சொல்லிருக்கலாம் நான்” என்றாள்.

அதற்குப் பிறகும் அம்மா இரண்டு முறை வந்துவிட்டாள். இரண்டு முறையும் மாடி ஏறியதும் முதலில் தென்மேற்கைத்தான் பார்த்தாள். அங்கே ஏழாம் மாடிக்காரர்களின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. லேக் பக்கத்துக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது என் நட்சத்திரத்தை இப்போது அவளேதான் சொல்கிறாள், பின்வரிசைக்கும் கேட்கும்படி. அவளுக்குக் காட்டத்தான் எங்கள் வீட்டுக்கும் வானம் இல்லை.