தழும்போடு ஒரு வெள்ளி உதடு

ஆடி பதினொன்று, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து நாற்பது. காற்று புழுதியை வாரி இறைத்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் மாரியம்மன் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன்.

என் பேத்தி மேலுதடு பிளந்து பிறந்தவள். நான்காம் மாதம் ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். புண் நன்றாக ஆறியது. இனித் தினமும் மூன்று வேளை களிம்பு போட்டுத் தழும்பை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும், விட்டால் இறுகி உதட்டை மேலே இழுத்துவிடும் என்றார் டாக்டர். மருமகள் கோமதியால் அது முடியவில்லை. விரலைக் கொண்டுபோவாள், வெடுக்கென்று எடுத்துவிடுவாள்.

"தொட்டா மறுபடி பொளந்துரும் மாமா. எனக்கு அப்படியேதான் தெரியுது."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கண்ணை மூடினால் எனக்கும் அந்தப் பிளவுதான். மகன் குவைத்தில். என் கைகளோ நடுங்கும். ஐந்து வாரத்தில் தழும்பு சிவந்து தடித்தது. தூக்கத்திலும் குழந்தையின் வாய் முழுதாக மூடவில்லை.

"தாயே, தழும்பு மறைய வேண்டாம். பெற்றவள் விரல் அதன்மேல் படட்டும். வெள்ளியில் உதடு செய்து சாத்துகிறேன்" என்று வேண்டினேன்.

அன்றே குழந்தையோடு கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினோம். வெள்ளி வேலை செய்யும் ஆசாரி சிரித்துவிட்டார்.

"கண்ணு இருக்கு, கையி காலு இருக்கு. ஒதட்டுக்கு அச்சே இல்லீங்களே ஐயா! கையாலதான் தட்டணும்." குழந்தையைப் பார்த்துவிட்டுக் கோமதியிடம் திரும்பினார். "ஏங் கை கரிக்கை, நான் தொடக் கூடாது. நீங்களே தடவிப் பாத்துச் சொல்லுங்க ஆத்தா, மேடு எங்கிட்டு ஆரம்பிக்குது?"

தகடும் கையுமாகக் காத்திருந்தார். கோமதி விரலை நீட்டி, பாதியில் நின்றாள். குழந்தை அதை எட்டிப் பிடித்துத் தன் உதட்டில் வைத்து, பல் இல்லாத ஈறால் கடித்தது.

"பொளக்கல மாமா" என்றாள். அழுதுகொண்டே மேலிருந்து கீழே அழுத்தினாள். "மூக்குக்குக் கீழ கெட்டியா இருக்கு. இங்க மெதுவா இருக்கு."

அது அம்மன் பிடித்து வைத்த விரல். அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. தை மாதம் டாக்டர் பார்த்து, தழும்பு இளகி உதடு இறங்கிவிட்டது என்றார். கோடு இருக்கிறது, இருக்கும். கண்ணை மூடினால் அந்தப் பிளவு இன்னும் எனக்கு வருகிறது. எழுந்து போய்க் குழந்தையின் மூடிய வாயைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களே, டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். செய்யும் தெம்பை அம்மனிடம் கேளுங்கள். கொடுப்பாள்.

அம்மனுக்குச் சாத்திய வெள்ளி உதட்டை வழவழப்பாக விட்டுவிடவா என்று அன்று ஆசாரி கேட்டதற்குக் கோமதி, "கோட்டோடயே தட்டுங்க, அவ ஒதடு அதுதானே" என்றாள். கோட்டுக்கு அவர் தனிக்கூலி வாங்கவில்லை. எட்டு கிராம் வெள்ளி, கூலியோடு ஆயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.