பட்டினியில் பதினான்கு மாதம்

சேலையூர் ஏஞ்சல், தாம்பரத்தில் ஓர் ஆய்வகத்தின் உதவியாளர். வெந்நீர் ஊற்றில் எடுத்த நுண்ணுயிர்களுக்கு, பேராசிரியர் பென்னி சொன்னபடி, வாராவாரம் ஊட்டச்சத்தைக் குறைத்துவந்தார். ஞாயிறன்றும் சர்ச் முடிந்ததும் வந்து சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவை சுருங்கின, பெருகுவதை நிறுத்தின; பதினான்கு மாதமாகியும் சாகவில்லை. மறுபடி சத்து கொடுத்தால் பெருகுமா என்று பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள் பென்னி மாரடைப்பில் இறந்துபோனார்.

அவர் இடத்துக்குப் புதிதாக வந்த பேராசிரியர் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

“இன்னும் உயிரோடதான் கீது சார். ஒருவாட்டி சாப்பாடு குடுத்துப் பாத்துடலாமே?”

“அந்த ப்ராஜெக்ட் அவரோட முடிஞ்சிடுச்சும்மா. அழிச்சிடுங்க.”

ஏஞ்சலே குடுவைகளை நீராவியில் அவித்தார். பென்னியின் அடக்கத்தில்கூட வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார்.