கடுகண்ணாவையில் பார்த்த பச்சை நிறக் கார்

"ஞாயித்துக்கிழமை ஒரு கார் வாங்கப் போறோம். நீயும் வா" என்றார் என் கணவர்.

அவர் கண்டி டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குவழக்கு எழுதும் லிகிதர். போனில் அவர் காட்டிய விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நன்றாகப் பராமரித்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கூப்பேயாம். இரண்டு கதவு, இரண்டே ஆசனம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். விலையை இரண்டு தடவை வாசித்தேன்.

"இது நமக்கு எதுக்குங்க?"

"வந்து பாரேன்."

தெல்தோட்டையில் மாமா இவருக்கு விட்டுப்போன துண்டு நிலத்தை விற்றுவிட்டாரா? யாராவது ஏமாற்றுகிறார்களா? கேட்டால் சிரித்தார். எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்றுதான் நானும் போனேன்.

கார் இருந்த வீடு கடுகண்ணாவையில். த்ரீவீலரை மெயின் ரோட்டிலேயே நிறுத்தினார். வீட்டுக்கு ஏறும் வழி சறுக்கும் என்றார். எனக்கோ, தொழிலை மறைக்கிறார் என்று பட்டது. இஸ்திரி போட்ட சட்டை வேறு போட்டிருந்தார்.

காரின் சொந்தக்காரர் வயதான ஹாஜியார். தேயிலை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். கராஜ் கதவைத் திறந்தார். கரும்பச்சை நிறம், நீண்ட பொனட், கம்பிச் சக்கரங்கள், மர ஸ்டியரிங். ஒரு கீறல் இல்லை. கணவர் குனிந்து பார்த்தார், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காது வைத்துக் கேட்டார், என்னவோ பெயர்களெல்லாம் சொன்னார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் கேட்டிராத சொற்கள்.

அவர் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த நேரம், என்னால் பொறுக்க முடியவில்லை. ஹாஜியாரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மன்னிச்சிருங்க ஹாஜியார். நாங்க வாங்குற ஆளுங்க இல்ல. இவரு த்ரீவீலர் ஓட்டுறவரு. உங்க நேரத்த வீணாக்குறாரு."

ஹாஜியார் என்னையே பார்த்தார்.

"அத அவரு மொத நாளே சொல்லிட்டாரே மகள். இது நாலாவது தடவ. வந்தா தொடச்சுக் குடுப்பாரு, ஸ்டார்ட் பண்ணிப் பாப்பாரு. இண்டைக்கி ஒங்களுக்குக் காட்டணும் எண்டு கேட்டாரு. நான்தான் வரச் சொன்னேன்."

எனக்கு முகம் எரிந்தது. அப்படியென்றால் கணவர் பொய் சொன்னது ஹாஜியாரிடம் இல்லை, என்னிடம்!

ஹாஜியார் சாவியைக் கணவரின் கையில் வைத்து, "மகள ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போய்ட்டு வாங்கொ" என்றார்.

ஆசனம் தரையில் உட்காருவது போல அத்தனை தாழ்வு. கணவாய் வளைவுகளில் கார் முனகிக்கொண்டு இறங்கியது. கோபமாகக் கேட்டேன், "ஏன் எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

"சும்மா ஒரு காரப் பாக்கப் போவோம்னு சொன்னா வந்திருப்பியா? வாங்கப் போறேன்னா, தடுக்கவாச்சும் நீ வருவேன்னு தெரியும்."

அது உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. ஆனால் கியரை மாற்றிய அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். த்ரீவீலரில் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போகிற மனிதர் இவர்தானா? ஒரு லொறிக்கு வழி விட்டு, அதன் டிரைவருக்குச் சலாம் வேறு வைத்தார். திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கா?" என்றார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து யாரோ வந்து காரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஹாஜியார் போனில் சொன்னாராம். "நல்லா வச்சிக்குவாங்களாம்" என்று எனக்குத் தெரிவித்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார் கணவர். அவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. வாங்க நினைக்காத கார், வேண்டாம் என்று சொல்லப் போன கார். அது போனால் எனக்கென்ன? தட்டைக் கழுவும்போதும் யோசித்தேன்; கியரை மாற்றிய அந்தக் கைதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. பிடிபடவில்லை.