போர்டைத் தொடாதே என்றாள்

ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கா பத்து பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வகுப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் செய்தி வந்தது. நம் லோகேஸ்வரி விடியற்காலையில் தவறிவிட்டாளாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதல்நாள் மாலைதான் அவள் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "சும்மா கண்டதையும் அனுப்பாதீங்கலா. அவளுக்குக் காய்ச்சல் விட்டிடுச்சு, நேத்துதான் எனக்கு மெசேஜ் போட்டா" என்று குழுவில் போட்டேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றிருந்தார். அப்போது லோகேஸின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பேசியது அவள் அம்மா. "வா மா" என்றார்.

அவள் கடைசியாக அனுப்பிய செய்தி இது: "காய்ச்சல் விட்டிடுச்சு டி. திங்கக்கெழம லேப்புக்கு வர்றேன். எங்க தப்புன்னு தெரிஞ்சிடுச்சு. நான் வர்ற வரைக்கும் போர்டைத் தொடாதே."

அவளுக்கு வந்தது டிங்கி, டெங்குக் காய்ச்சல்; அதில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரமாம். இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நம் வீடுகளில் காய்ச்சல் விட்டால் பிழைத்தோம் என்றுதான் அர்த்தம். அவள் அம்மா அன்று மாலை சாமிக்கு விளக்கேற்றியிருக்கிறார். "கஞ்சி குடிச்சா மா. உப்பு பத்தலன்னு என்கிட்ட சண்ட போட்டா. சண்ட போடுற புள்ளைக்கு என்ன வந்திடும்னு நெனச்சேன்" என்று துக்க வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் தவறான ஆளுக்காக அழுகிறார்கள் என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

லோகேஸ் புலாவ் செபாங் ஊர்ப் பெண். எங்கள் சிநேகிதம் இரண்டாம் ஆண்டில், கணினி அமைப்பும் கட்டமைப்பும் என்ற பாடத்தில் தொடங்கியது. கணினிக்குள்ளே ஒரு கட்டளை எங்கிருந்து எங்கே போகிறது, யார் அதை வாங்குகிறார், யார் கூட்டுகிறார் என்று சொல்லித்தரும் பாடம் அது. பாதி வகுப்பு அதை மனப்பாடம் செய்து தப்பித்தது. நானும் அந்தக் கட்சிதான். ஒரு கட்டளை முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடும் 'பைப்லைன்' முறை மட்டும் எனக்குத் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. லோகேஸ் என்னைக் கேண்டீன் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒருவர் சோறு போட, அடுத்தவர் கறி ஊற்ற, அதற்கடுத்தவர் பொரித்த மீனை வைக்க, தட்டுகள் நகர்ந்துகொண்டிருந்தன. "ஒருத்தனுக்கு எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டுதான் அடுத்தவனக் கூப்பிடுவேன்னா க்யூ ரோட்டுக்குப் போயிடும்லா. அதான் பைப்லைன்." நான் மீனா கோழியா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையே நின்றுவிட்டது. "இது ஸ்டால். நடுவுல ஒண்ணு நின்னா பின்னால எல்லாம் நின்னுடும்" என்றாள், என்னைக் காட்டி. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தபோது கோழிக்கறி வாசனையோடுதான் பதில் எழுதினேன்.

இந்தப் பருவத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சிறு கணினியைக் கையாலேயே செய்யச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டி, விடையை எட்டுச் சிறு விளக்குகளில் காட்ட வேண்டும்; முதல் விளக்குக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று மதிப்பு. போர்டு என்று நாம் சொல்லும், துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகையில் சில்லுகளைக் குத்தி, கம்பிகளால் இணைப்பது வேலை. கம்பி முனையின் தோலை லோகேஸ் பல்லால்தான் உரிப்பாள். "பல்லு போயிடும் டி" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "பல்லு போனா கட்டிக்கலாம். நீ வாங்கிட்டுப் போற கட்டரத் தேடி எடுக்க முடியாது" என்பாள். கட்டர் என் பையில்தான் கிடக்கும்.

எங்கள் பலகையில் ஒரு வியாதி இருந்தது. சிறிய எண்களை ஒழுங்காகக் கூட்டும். பதினைந்தோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஒரு நேரம் பதினாறு வரும், ஒரு நேரம் விளக்கே எரியாது. நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து செய்வோம் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. கணினியைத் தானாக ஓடவைக்கும் துடிப்புச் சில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அழுத்து பொத்தானை வைத்தாள். ஒரு தடவை அழுத்தினால் ஓர் அடி மட்டும் நகரும். "ஓடுறப்ப எங்க விழுதுன்னு தெரியாது. நடக்க விடு" என்றாள். நான் இந்தச் சில்லாகத்தான் இருக்கும், அந்தச் சில்லாகத்தான் இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "நீ நெனைக்கிறதப் பாக்காத கவி. லைட்டப் பாரு." இதை அவள் அடிக்கடி சொல்வாள். அந்த வாரத்தில்தான் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போனாள்.

அவள் தவறிய பிறகும் பலகை ஆய்வகத்தில் அப்படியே இருந்தது. செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. உங்களில் இரண்டு மூன்று பேர் உதவிக்கு வந்தீர்கள். நான் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்றேன். இப்போது சொல்கிறேன், உங்கள்மேல் கோபமில்லை. அவள் தொடாதே என்று சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். தொட்டால் அவள் வரமாட்டாள் என்று ஆகிவிடும். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கை போகவில்லை.

கருமக்கிரியை அன்று அவள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவ என்னமோ செய்றேன் செய்றேன்னா. காய்ச்சல்லயும் அதப் பத்தியே பேசினா. அது என்ன மா? எனக்கு ஒரு தடவ காட்டுறியா?" என்றார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? விரிவுரையாளரிடம் அனுமதி வாங்கி, பலகையை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்தியபடி, என் அண்ணன் காரில் புலாவ் செபாங் போனேன்.

மாலை போட்ட அவள் படத்துக்கு முன்னால் தரையில் வைத்து, கைப்பேசி சார்ஜரில் இணைத்தேன். "இந்தப் பொத்தான அமுக்குங்க ஆன்ட்டி. பதினஞ்சும் ஒண்ணும் கூட்டும்" என்றேன். அவர் அழுத்தினார். எண்கள் ஏறின. கடைசி அழுத்தலில் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அவர் என்னைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சா மா?"

முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவளுடைய கணினி அவள் அம்மா முன்னால் தப்பாகக் கூட்டுவதை என்னால் விட முடியவில்லை. "இல்ல ஆன்ட்டி, இன்னொரு தடவ. மெதுவா" என்றேன். அவர் ஓர் அடி அழுத்துவார், நான் பார்ப்பேன். சோதனை விளக்கை ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு வந்தேன். தமிழ்ப்பள்ளியில் கூட்டும்போது 'கையில் ஒன்று' என்று வைத்துக்கொள்வோமே, அந்த ஒன்றை முதல் சில்லிலிருந்து இரண்டாவது சில்லுக்குக் கொண்டுபோக ஒரு நீலக் கம்பி உண்டு. அதன் இந்த முனையில் விளக்கு எரிந்தது. அந்த முனையில் எரியவில்லை.

கம்பியைப் பிடுங்கினேன். மாற்றுவதற்கு என்னிடம் வேறு கம்பி இல்லை. "அவ பேக்குல ஏதாச்சும் இருக்கும் மா" என்று அம்மா எழுந்துபோய் அவளுடைய பென்சில் பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தேன். உள்ளே ஒரு நீலக் கம்பி, அளவாக வெட்டி, இரண்டு முனையும் உரித்து, தயாராக இருந்தது. முனைகளில் பல் தடம். திங்கட்கிழமைக்காக எடுத்து வைத்திருக்கிறாள். அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அம்மா என்னைத் தேற்றவில்லை. அவரும் அழுதார்.

புதுக் கம்பியை வைத்தேன். அம்மா மறுபடி ஒவ்வோர் அடியாக அழுத்தினார். ஐந்தாவது விளக்கு மட்டும் எரிந்தது. "பதினாறு ஆன்ட்டி" என்றேன். "சரியா மா?" "சரி." அவர் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ பசியாறினியா?" என்று கேட்டார்.

அவள் வெட்டிய கம்பி பலகையிலேயே இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு அது எங்கள் இருவர் பெயரோடும் போகும். பழைய கம்பியை நான் வைத்துக்கொண்டேன். விரல் நீளம்தான். மேலே ஒரு கீறல் கிடையாது, உள்ளே அறுந்திருக்கிறது. யாரிடம் காட்டினாலும் நல்ல கம்பி என்றுதான் சொல்வார்கள். நானும் அவளுடைய கடைசிச் செய்தியைப் படித்துவிட்டு அப்படித்தான் நினைத்து, நிம்மதியாகத் தூங்கினேன்.

போர்டைத் தொட்டுட்டேன் லோகேஸ். வந்து திட்டு டி.