பச்சை அட்டையில் முன்கூட்டியே போட்ட கையெழுத்து

ஆக்சிஜனுக்காக ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் தவித்த இரண்டாவது அலை உங்களுக்கு மறந்திருக்காது. அந்த மே மாதம் ராயபுரத்தில் எங்கள் மாடி அறையில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்தேன். என் உயிர் போய்விடுமோ என்ற பயத்தைவிட, என் கையெழுத்தால் இன்னொருவர் உயிர் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிசு. இதை இதே சபையில் ஒரு தடவை பாதி சொன்னேன். இன்று மீதியையும் சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

திருவொற்றியூரில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வால்வு செய்யும் கம்பெனியில் குவாலிட்டி என் பொறுப்பு. வால்வுக்குள் போகும் சின்ன வாஷர் வெளியிலிருந்து வரும். பல வருஷமாக அதைக் கொடுத்தவரின் தெருவைக் கொரோனா என்று தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அவசரத்துக்கு எண்ணூரில் புது ஆளைப் பிடித்தோம். புது ஆள் என்றால் நான் நேரில் போய் அவர் பட்டறையைப் பார்க்க வேண்டும். நானோ போனில் வந்த போட்டோவைப் பார்த்து ஓகே சொன்னேன். கொரோனா என்ற சாக்கு கையிலேயே இருந்தது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். சோதித்து முடித்த பெட்டியில் என் கையெழுத்துள்ள பச்சை அட்டையைக் கட்டினால்தான் அது லாரியில் ஏறும். நான் வராத நாளில் லோடு நிற்கக் கூடாதென்று வெற்று அட்டைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். வால்வைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதையும் ஆள் குறைச்சல் என்று நிறுத்தச் சொன்னேன். வேலை போய்விடுமென்று மற்றவர்கள் சொன்னபடி அட்டை கட்டினார்கள். கேட்டது தேவகி மட்டும்தான். காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் பதினோரு வருஷமாக அங்கே வாஷர் மாட்டியவள்.

"இன்னா சார், தொட்டில போடாம அட்ட கட்ட சொல்ற?"

"கையெழுத்து என்னுது. உனக்கென்ன வந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் காலை எண்ணூர்க்காரர் போன் செய்தார். "சார், மன்னிச்சுக்கோங்க. போன வாரம் அனுப்புனதுல சாதா ரப்பர் வாஷர் கலந்துபோச்சு. மாட்டிடாதீங்க, ஆக்சிஜன் கசியும்."

மாட்டியாகிவிட்டது. மதியம் லோடு கிளம்பும். கம்பெனிக்கு அடித்தேன், மேனேஜருக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் நாலு படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு அழுதேன். ஆண்டவரே, அந்த லாரி டோல்கேட்டைத் தாண்டக் கூடாது, என்னை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றேன்.

நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சபை திறந்ததும் இங்கே நின்று, தேவதூதன் லாரியை மறித்தான் என்று சாட்சி சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

மறித்தது தேவகி. வாஷர் விறைப்பாக இருக்கிறதே என்று, நான் திட்டியதையும் மீறி நாலு வால்வைத் தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். குமிழி வந்திருக்கிறது. பச்சை அட்டைகளை எல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு தரமாட்டேன் என்றிருக்கிறாள். வேலை இல்லை, போ என்று மேனேஜர் விரட்ட, அட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டை இல்லாமல் லோடு எப்படி ஏறும்?

அந்த நாலு மணி போனிலேயே மேனேஜர் என்னிடம் கேட்டார். "டெஸ்ட் பண்ணவே இல்லன்னு அந்தம்மா சொல்லுது. நெசமா?"

"பண்ணோம் சார். சாம்பிள்ல தப்பிடுச்சு. தப்பு வாஷர் கொடுத்தவர் மேலதான்" என்றேன். ஆண்டவர் என் கண்ணீரைத் துடைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் தேவகியைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கேட்டில் நின்றாள். "சார்" என்று கூப்பிட்டாள். மாஸ்க் வசதியாகப் போயிற்று. யாரோ போல உள்ளே போய்விட்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

போன மாதம் ராயபுரம் ஸ்டேஷனில் எதிரே வந்துவிட்டாள். ஒளிய இடமில்லை. கம்பெனியில் எல்லாவற்றையும் சொல்லி, உன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

"வேல கீது சார் எனுக்கு. நான் புளுகுனேன்னு அங்க ஆபீஸ்ல எல்லாரும் நென்ச்சிகினு கீறாங்கோ. அத்த மாத்து, போதும்."

மறுநாள் காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் முன், ஆபீஸ் ஆட்களையும் சேர்த்து எல்லோரையும் நிற்க வைத்து உண்மையைச் சொன்னேன். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். புது ஆள் என்றால் பட்டறைக்கு நேரில் போகிறேன். இந்தப் புத்தி தந்ததற்கும் கர்த்தருக்கு நன்றி.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஆபத்து வரும்போது தைரியமாகக் கேளுங்கள், அவர் கேட்பார். லாரிக்காக நான் அழுதேன், கேட்டார். தேவகியின் வேலைக்காக மட்டும் ஒரு நாளும் நான் ஜெபிக்கவில்லை. ஜெபித்திருந்தால், பதிலாக என்னைத்தான் எழுந்து போய் உண்மையைச் சொல்லச் சொல்லியிருப்பார்.